குணச்சீட்டு

புதுக்காட்டுத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மூன்று வருஷமாக ஒருவரும் சாகவில்லை. வாசலில் பலகை எழுதி மாட்டியிருந்தார்கள். இங்கிலீஷில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. 'மரணம்: இல்லை' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். செடெனாக் ரயில் ஸ்டேஷனில் இறங்கி மாட்டு வண்டியில் தோட்டத்துக்கு வருகிற புது ஆள் எவனும் முதலில் அந்தப் பலகையைத்தான் பார்ப்பான். கடல் தாண்டி வந்தது வீண்போகவில்லை, சாகாவரம் கொடுக்கிற இடமாகப் பார்த்துத்தான் கங்காணி கூட்டி வந்திருக்கிறார் என்று மனசைத் தேற்றிக்கொள்வான்.

அதற்காகத் தோட்டத்திலேயே யாரும் சாகவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில் செத்தார்கள். ரப்பர் பால்மரத்தடியில் செத்தார்கள். ஒருவன் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருக்கும்போதே செத்தான். ஆஸ்பத்திரிக்கு உள்ளே மட்டும் சாகவில்லை. அக்கம்பக்கத்துத் தோட்டத் துரைமார்களெல்லாம் கூடி ஒரு சுகாதாரச் சங்கம் வைத்திருந்தார்கள். அந்தச் சங்கம் இதை மெச்சி மூன்று வருஷமும் வெள்ளிக் கேடயத்தைப் புதுக்காட்டுக்கே கொடுத்தது. நாலாவது வருஷமும் வாங்கிவிட்டால் கேடயத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை, தோட்டத்துக்கே சொந்தம் என்பது சங்கத்தின் விதி.

ஜொகூரையும் சிங்கப்பூரையும் கடலில் கல்லைக் கொட்டி ஒட்டவைத்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த காலம் அது. அந்த நாலாவது வருஷம் பார்த்துத்தானா பால் எடுக்கிற ஐயாசாமியின் தாயார் கருப்பாயிக்குக் காலில் மங்கு ஓடு குத்த வேண்டும்?

மங்கு என்பது பால் வடிய மரத்தில் கட்டுகிற பீங்கான் கிண்ணம். உடைந்த மங்கின் சில்லு ஒன்று லயத்து வாசலில் கிடந்தது. கருப்பாயி அதை மிதித்தாள். மிதித்தது அவளுக்குத் தெரியாது. சில்லு காலில் இருக்கும்போதே தண்ணீர் இறைத்தாள், விறகு பொறுக்கினாள், மாரியம்மன் கோயில்வரை போய்வந்தாள். சாயங்காலம் வேலை முடிந்து வந்த ஐயாசாமி சிமெண்டுத் தரையில் சிவப்பாகக் கால் தடம் கிடப்பதைப் பார்த்துவிட்டு, அவளை உட்காரவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தான். விரல் நீளத்துக்கு ஓடு உள்ளே இருந்தது.

"வலிக்கலையா ஆத்தா?"

"எது?" என்றாள் கருப்பாயி.

அவளுக்கு அஞ்சாறு வருஷமாக இனிப்பு நீர் வியாதி. இரண்டு வருஷமாக வேலைக்கும் போகவில்லை. குடத்துத் தண்ணீரைக் குடித்துத் தீர்ப்பாள். உடம்பு மட்டும் துணி காய்ந்த மாதிரி நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டு போயிற்று. கால் இரண்டும் எப்போதோ மரத்துப்போய்விட்டன. ஐயாசாமிக்கு முப்பத்திரண்டு வயசு. அப்பன் முகம் தெரியாது. ஆத்தாளைத் தவிர அவன் யாருக்கும் பயந்ததில்லை, ஆத்தாள் போய்விடுவாளே என்பதைத் தவிர வேறு எதற்கும் பயந்ததில்லை. பத்து நாள் மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்துக் கட்டினான். புண் ஆறவில்லை, அகலமாயிற்று. பதினோராம் நாள் அவளை முதுகில் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான்.

ஆஸ்பத்திரி என்றால் டிரசர் ஜெயபாலன்தான். டாக்டர் மாதத்துக்கு ஒரு தரம் வருவார். மீதி நாளெல்லாம் மருந்து கலக்குவது, ஊசி குத்துவது, கட்டுப் போடுவது, வாசல் பலகைக்குப் பாலிஷ் போடுவது எல்லாம் டிரசர்தான். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சப்பாத்து. காதில் ஒரு பென்சில்.

"இவளுக்கு செக்ரோலில் பேர் இருக்கிறதா?" என்றார் டிரசர். செக்ரோல் என்பது தினமும் வேலைக்கு வருகிறவர்களின் பேர்ப் புத்தகம்.

"இருந்துச்சுங்க ஐயா. ரெண்டு வருசமா வேலைக்கு வரல."

"ஏன் வரவில்லை?"

"சீக்குங்க."

"சீக்கென்றால் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்."

"அதுக்குத்தாங்க வந்திருக்கோம்."

"வேலைக்கு வருகிறவர்களுக்குத்தான் ஆஸ்பத்திரி," என்றார் டிரசர், ரொம்பப் பொறுமையாக. "வேலைக்கு வராதவர்களுக்கெல்லாம் வைத்தியம் பார்த்தால் அப்புறம் சீக்காளிகளாக வந்து நிறைந்துவிடுவார்கள்."

அவர் சொன்னதில் எங்கே தப்பு என்று ஐயாசாமியால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆத்தாளைச் சுமந்தபடியே ஆபீசுக்குப் போய், கணக்கு எழுதுகிற கிராணி தங்கராஜுவைப் பார்த்தான். கிராணி நல்ல மனுஷர், விதியை மீறாமல் எவ்வளவு உதவி செய்ய முடியுமோ அவ்வளவும் செய்வார்.

"ஒண்ணு செய். நாளைக்குப் பெரட்டுல கொண்டாந்து நிறுத்து. பேர் கூப்பிடும்போது ஆத்தா நின்னாப் போதும், வேலையாள்னு எழுதிக்கிறேன். வேலையாள்னு ஆனதும் சீக்குன்னு சொல்லலாம். உடம்பு நல்லாருக்குன்னு முதல்ல நிரூபிச்சாத்தான்டா சீக்குன்னு சேத்துக்க முடியும்."

பெரட்டு என்பது வெள்ளென ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவது. மறுநாள் ஐயாசாமி கருப்பாயியை வரிசையில் இறக்கி ஒற்றைக் காலில் நிறுத்தி, தோளை அணைத்துப் பிடித்துக்கொண்டான். துரை கைத்தடியை ஊன்றிக்கொண்டு வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தார். கருப்பாயியின் முன்னால் நின்று, "நீ என்ன வேலை?" என்று கேட்டார்.

"புல்லு வெட்டுற வேலைங்க தொரை," என்றாள் கருப்பாயி.

"நல்லது. வெட்டு," என்று சொல்லிவிட்டுப் போனார். கிராணி பேரை எழுதினார். எழுதிய மை காயுமுன்பே கருப்பாயி உடம்பு சரியில்லை என்று சொன்னாள். தோட்டம் வெட்டின நாள் முதல் இவ்வளவு சீக்கிரமாகச் சீக்கில் விழுந்த வேலையாள் இவள்தான் என்று கிராணி பெருமையாகவே சொல்லிக்கொண்டார்.

ஆஸ்பத்திரி ரிஜிஸ்தரில் ஏழு வியாதிக்கு இடம் இருந்தது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, கொக்கிப்புழு, புண், கண் வலி, இருமல், பிரசவம். டிரசர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து ஏழு கட்டத்தின் மேலும் ஒரு தரம் ஓட்டினார்.

"இனிப்பு நீருங்க ஐயா," என்றான் ஐயாசாமி.

டிரசர் சிரித்தார். "அது உங்களுக்கு வராது. அது நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்கு வருகிற வியாதி. கிராணிமார், செட்டிமார், பெரிய குடும்பத்து ஆட்கள். கூலி ஆட்களுக்கு அது வர ஆரம்பித்தால் அப்புறம் மரியாதைப்பட்டவர்களுக்கு என்று என்ன வியாதிதான் மிஞ்சும்? புண் என்று எழுதுகிறேன். உன் ஆத்தாளுக்குப் புண்ணே போதும்."

புண்ணுக்கு அயோடின் தடவினார். புது வெள்ளைத் துணியால், பின்னல் பின்னுவது மாதிரி, அழகாகக் கட்டுப் போட்டார். கட்டுப் போடுவதில் அவரை அடித்துக்கொள்ள அந்த ஜில்லாவிலேயே ஆள் கிடையாது. புண்ணோடு வந்தவர்களுக்கும் பேதி மருந்து கொடுத்துப் புழுவை எடுக்க வேண்டும் என்பது விதி, அதையும் கொடுத்தார். அப்புறம் கருப்பாயியை இரும்புக் கட்டிலில் படுக்கவைத்து, தலைமாட்டில் ஒரு அட்டையை மாட்டினார். அட்டையில் '3' என்று இருந்தது.

மூன்று என்றால் டயட் நம்பர் மூன்று. இளைத்த நோயாளிகளுக்கானது. பாலில் வெந்த ஜவ்வரிசி, அதில் டின் பால் நாலு கரண்டி, மேலே சீனி இரண்டு கரண்டி. காலையிலும் மத்தியானமும்.

"ஐயா, ஆத்தாளுக்கு இனிப்பு ஆகாதுங்க. நாட்டு வைத்தியர் அப்பவே சொல்லியிருக்காரு."

"நான் இனிப்புக் கொடுக்கவில்லை. டயட் நம்பர் மூன்று கொடுக்கிறேன்."

"அதுல சீனி இருக்குதுங்களே."

"சீனி அதற்குள் இருக்கிறது. அதை நான் பிரித்துக் கொடுக்க முடியாது. சங்கத்தார் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள்."

நோயாளி கிண்ணத்தைக் காலி செய்யாவிட்டால் ரிஜிஸ்தரில் 'ஒத்துழைப்பு இல்லை' என்று விழும். விழுந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். வேறு வழியில்லை. ஐயாசாமி மத்தியானம் பாலை நிறுத்துக் கொடுத்த கையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்து, காலைக் கிண்ணம், மத்தியானக் கிண்ணம் இரண்டையும் தானே சாப்பிட்டான். பெண்டாட்டி புஷ்பவள்ளி முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்த பாகற்காய்ப் பொரியலையும் முருங்கைக் கீரையையும் கேழ்வரகுக் களியையும் கருப்பாயி சுவர்ப் பக்கம் திரும்பிச் சாப்பிட்டாள். பதினைந்து நாளில் ஐயாசாமிக்குக் கன்னம் உப்பி, தொப்பை விழுந்தது. ஆத்தாள் படுத்துக் கிடக்கும்போது இவனுக்குச் சதை போடுகிறதே என்று லயத்தில் ஒரு மாதிரியாகப் பேசிக்கொண்டார்கள். அவனுக்கு அது அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் கிண்ணத்தைக் கண்டால் வாயைத் திறந்தான்.

சனிக்கிழமைதோறும் நோயாளிகளை நிறுப்பார்கள். ரப்பர் ஷீட் நிறுக்கிற தராசுதான். இரண்டு சனிக்கிழமையும் கருப்பாயி எடை குறைந்திருந்தாள். டிரசர் முகத்தைச் சுளித்து, சீனியை மூன்று கரண்டியாக்கினார். இளைக்க இளைக்கச் சீனி ஏறும் என்பதைக் கருப்பாயி அப்போதுதான் புரிந்துகொண்டாள்.

"அப்ப எடை ஏறுனா எறக்கிருவாங்கல்ல?" என்றாள் மகனிடம். "நம்ம அம்மிக் குழவிய எடுத்தா."

மூன்றாவது சனிக்கிழமை கருப்பாயி அம்மிக் குழவியைச் சேலை மடியில் கட்டிக்கொண்டு தராசில் ஏறினாள். பதினோரு ராத்தல் ஏறியிருந்தது. டிரசர் முள்ளைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. "இப்படி ஒரு முன்னேற்றத்தை என் சர்வீசில் பார்த்ததில்லை," என்று சொல்லி, அன்றைக்கே சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். நன்றாக வேலை செய்கிற மருந்தை யாராவது குறைப்பார்களா? டயட் நம்பர் மூன்றை நாளைக்கு மூன்று வேளையாக்கினார். ராத்திரிக் கிண்ணத்துக்கு ஐயாசாமியால் வர முடியாது. அதைக் கருப்பாயியே சாப்பிட வேண்டியதாயிற்று. டிரசர் பக்கத்தில் நின்று கடைசிக் கரண்டிவரை பார்த்துவிட்டுத்தான் போவார்.

நாலாவது வாரம் கட்டை விரல் கறுத்தது. ஆறாவது வாரம் கறுப்பு பாதத்தில் பாதிவரை வந்துவிட்டது. மேலே கட்டு மட்டும் அன்றலர்ந்த பூ மாதிரி வெள்ளையாக இருந்தது. வாடை வந்தது. டிரசர் அந்தக் கட்டிலடியில் சாம்பிராணி போடச் சொன்னார்.

போன மாதம் போலவே டாக்டர் வந்தார். காரிலிருந்து இறங்கி, வாசற்படியில் நின்று, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு எட்டுக் கட்டிலையும் ஒரே பார்வையில் பார்த்தார். எல்லோரும் சுகமா என்று இங்கிலீஷில் கேட்டார். சுகம் என்றார் டிரசர். டாக்டர் அதை எழுதிக்கொண்டார். இனி ஒரு மாதம் கழித்துத்தான் வருவார் என்ற பதற்றத்தில் ஐயாசாமி குறுக்கே போய் நின்று கும்பிட்டான்.

"ஐயா, எங்க ஆத்தா காலு கறுத்துப்போச்சுங்க. அழுகுதுங்க. கொஞ்சம் கிட்ட வந்து பாக்கணுங்க."

டிரசர் அதை டாக்டருக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். ஐயாசாமிக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷ் சொல் 'தேங்க்யூ'. அந்த மொழிபெயர்ப்பில் அது இரண்டு தரம் வந்தது. டாக்டர் மனம் குளிர்ந்து ஐயாசாமியின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, துரை பங்களாவுக்கு டீ குடிக்கப் போனார்.

இரண்டு நாள் கழித்துக் கருப்பாயிக்குக் காய்ச்சல் கண்டது. வாய் குளறியது. மூச்சில் அழுகின பழத்தின் மணம் வந்தது. அன்று மத்தியானம் பால் வாளிகளோடு வந்துகொண்டிருந்த ஐயாசாமியைத் தச்சன் வேலு வழியில் நிறுத்தினான்.

"ஒன் ஆத்தா ஒசரம் என்ன, அஞ்சடி இருக்குமாடா?"

"எதுக்குண்ணே?"

"மூங்கில் வெட்டணும்ல. சீட்டு குடுத்துட்டாங்களாம்."

இந்தச் சீட்டு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். நோயாளி தேறிவிட்டால் டிரசர் ஒரு சீட்டு எழுதி, ஒரு புது வெள்ளைத் துண்டும் ஒரு வாசனை சவுக்காரமும் கொடுத்து வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. 'குணம்' என்று அதில் எழுதியிருக்கும். காய்ச்சல், கண் வலி தேறிப்போனவர்கள் தாங்களாகவே எழுந்து போய்விடுவார்கள், அவர்களுக்குச் சீட்டு எழுத டிரசருக்கு நேரமிருக்காது. யாருக்கு இனி விடியாது என்று அவருக்குப் படுகிறதோ அவர்களுக்குத்தான் அவசர அவசரமாகக் குணச்சீட்டு வரும். மூன்று வருஷமாக இது நடக்கிறது. லயத்தில் எல்லோருக்கும் தெரியும். புதுத் துண்டைக் கண்டதும் சாவுக்குத் தப்பு மேளம் அடிக்கிறவர்கள் தப்பை நெருப்பில் காட்டக் கிளம்பிவிடுவார்கள். யாரும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் வாசல் பலகையில் எழுதியிருந்ததில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

ஐயாசாமி வாளிகளைப் போட்ட இடத்திலேயே போட்டுவிட்டு ஓடினான். அவனுக்கு அழுகை வந்தது, ஓடும்போது அழ முடியவில்லை. ஆஸ்பத்திரியில் கருப்பாயியின் நெஞ்சின் மேல் துண்டும் சவுக்காரமும் வைத்திருந்தது. டிரசர் சீட்டைக் கையில் கொடுத்து, அவனுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் தாமே படித்தும் காட்டினார்.

"புண்: குணம். எடை: பதினோரு ராத்தல் கூடுதல். பொது நிலை: திருப்தி. சந்தோஷம்தானே? தூக்கிக்கொண்டு போ."

"ஐயா, ஒடம்பு நெருப்பாக் கொதிக்குதுங்களே."

"அது வீட்டு ஞாபகம். வீட்டுக்குப் போனால் சரியாகிவிடும்."

ஐயாசாமிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மூன்று வருஷத்துப் பழக்கம் அவன் கைகளிலும் ஊறிப்போயிருந்தது. குனிந்து ஆத்தாளைத் தூக்கப் போனான். கருப்பாயி கண்ணைத் திறந்தாள். இரண்டு கையாலும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் வரலடா."

"ஆத்தா..."

"நான் இங்கயேதான் சாவேன்." குரல் மெல்லியதாக இருந்தது, ஆனால் குளறவில்லை. டிரசரைப் பார்த்துச் சொன்னாள்: "கட்டிலு நல்லாருக்குங்க ஐயா. சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிரும். ஒங்களுக்கு ஒரு தொந்தரவும் வேணாம்."

டிரசர் முகத்தில் ரத்தம் இல்லாமல் போயிற்று. சங்கத்தார் கேடயத்துக்காகப் பார்வையிட வருவது நாளை மறுநாள்.

"இங்கே சாகக் கூடாது," என்றார். "ஆஸ்பத்திரி சாகிற இடமில்லை. அது உனக்கே தெரிய வேண்டாமா? மூன்று வருஷமாக எத்தனை பேர், எவ்வளவு மோசமான நிலையிலும், எழுந்து போய் வீட்டில் செத்திருக்கிறார்கள். ஒருத்தர் கூட என் பேரைக் கெடுத்ததில்லை. உனக்கு நான் என்ன குறை வைத்தேன்? சீனியில் குறை வைத்தேனா?"

கருப்பாயி கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். ஆஸ்பத்திரி ஆயா அங்கம்மா வந்து விரல்களைப் பிரித்துப் பார்ப்பவள் மாதிரி பாவனை செய்து, "முடியலைங்க ஐயா, இரும்புப் பிடியா இருக்கு," என்று ஒதுங்கிக்கொண்டாள். மூன்று வருஷமாகச் சீட்டு வாங்கினவர்களைக் கழுவித் துடைத்து அனுப்பியவள் அவள்தான். அப்போதுதான் ஐயாசாமிக்கு விஷயம் உறைத்தது. அவன் தூக்குவதற்காக நீட்டிய கையை மடக்கிக் கட்டிக்கொண்டு, கட்டில் காலடியில் தரையில் உட்கார்ந்தான்.

"ஆத்தா சொன்னா சொன்னதுதாங்க," என்றான்.

கிராணி வந்தார். துரை வந்தார். துரைக்குத் தமிழ் தெரியும். முப்பது வருஷத் தோட்டத் தமிழ், கட்டளை போட மட்டும் பழகியது.

"ஏய் பொம்பளை. எந்திரி. வீட்டுக்குப் போ. அங்கே சாவு."

"முடியாதுங்க தொரை."

துரை திகைத்து நின்றார். முடியாது என்ற சொல்லை அவர் தமிழில் சொல்லியிருக்கிறார், கேட்டதில்லை. "என்ன வேணும்?" என்று ஐயாசாமியைக் கேட்டார்.

"ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடுதாசி வேணுங்க."

"அந்தக் கடிதம் எழுதவே கூடாது, சார்," என்றார் டிரசர். "அதில் 'இங்கே எங்களால் முடியவில்லை' என்று அச்சடித்திருக்கிறது. மூன்று வருஷமாக நம்மால் முடியாதது எதுவுமே இல்லை. அந்தக் கடித நமூனாப் புத்தகத்தில் ஒரு தாள்கூடக் கிழியவில்லை."

துரை கிராணியைத் தனியாகக் கூப்பிட்டார். "அங்கே செத்தா, யார் சாவு?"

"அவங்க சாவுங்க சார். நம்ம புஸ்தகத்துல வராது."

துரையின் முகம் தெளிந்தது. பத்து நிமிஷத்தில் அவருடைய சொந்தக் கார் வாசலுக்கு வந்தது. கருப்பாயியை டிரசரே மார்போடு அணைத்துத் தூக்கிக் காரில் வைத்தார். அவள் காலை யாரும் அத்தனை பதனமாகத் தொட்டதில்லை. பின் சீட்டில் அவள் தலையை ஐயாசாமி மடியில் வைத்துக்கொள்ள, டிரசர் எதிரே குனிந்து உட்கார்ந்து விசிறினார். "கண்ணைத் திற. மூச்சை விடு. இன்னும் கொஞ்ச தூரம்தான், அம்மா," என்று கெஞ்சினார். அம்மா என்று அவர் கூப்பிட்டதை ஐயாசாமி அன்றுதான் கேட்டான். முருகா, முருகா என்று அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஐயாசாமிக்கு அவர் மேல் இரக்கமாகக்கூட இருந்தது.

தோட்டத்து எல்லைக்கல் வந்தது. கார் அதைத் தாண்டியது. டிரசர் நீளமாக ஒரு மூச்சு விட்டு, வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"இனிப் பயமில்லை," என்று சொல்லி இறங்கி, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, வந்த வழியே நடந்து போனார்.

ஜொகூர் பாருவில் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். அப்புறம் முழங்காலுக்குக் கீழே எடுத்தால் உயிர் தங்கலாம், தங்காமலும் போகலாம் என்றார். இனிப்பு நீருக்குப் புதிதாக வந்திருக்கிற ஊசி ஒன்று இருக்கிறது, போட்டுப் பார்க்கலாம் என்றார். ஐயாசாமி பெருவிரலில் மை தடவிக்கொண்டு காகிதத்தில் வைத்தான். ஆத்தாளின் காலைத் தானே வெட்டின மாதிரி இருந்தது அவனுக்கு. சுவர்ப் பக்கம் போய் நின்று வாய்விட்டு அழுதான்.

மூன்றாம் நாள் அவள் கண் விழித்தாள். போர்வையின் ஒரு பக்கம் படிந்து கிடப்பதைப் பார்த்தாள். மகன் முகத்தையும் பார்த்தாள்.

"எதுக்கு அழுவுற? அந்தக் காலு எப்பவோ போயிருச்சு. ஓடு குத்துனதுகூடத் தெரியாத காலு காலாடா? கஞ்சியில சீனி போடாமக் குடுக்கச் சொல்லு."

இரண்டு மாதம் கழித்து அவளை ரயிலில் கூட்டிவந்தான். கேடயம் அதற்குள் தோட்டத்துக்கே சொந்தமாகிவிட்டது. விழா வைக்கத் தோதான நாள் பார்த்திருந்தவர்கள், கருப்பாயி வந்ததும் அவளையே மாலை போட்டுக் கொட்டகையில் முன் வரிசை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். டிரசர் பேசினார்.

"இந்த அம்மாளுக்கு நம் ஆஸ்பத்திரியில் சேரும்போது காலில் புண் இருந்தது. இன்று இருக்கிறதா என்று யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். புண்ணைப் பூண்டோடு அகற்றியிருக்கிறோம். பதினோரு ராத்தல் எடை கூட்டியிருக்கிறோம். சில பொறாமைக்காரர்கள் வியாதியைக் கண்டுபிடிக்கவில்லை என்று என்னைக் குறை சொல்கிறார்கள். வியாதியைக் கண்டுபிடித்துக்கொண்டே போனால் அதற்கு முடிவு ஏது? நாங்கள் குணத்தைக் கண்டுபிடிக்கிறோம்."

சங்கத்துத் துரைமார்கள் கை தட்டினார்கள். ஐயாசாமியும் தட்டினான். கருப்பாயி மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, முன் வரிசையில் கொடுத்த லட்டுவைப் பக்கத்து நாற்காலி துரையிடம் மரியாதையாக நீட்டினாள்.

அதற்கு அப்புறம்தான் சங்கடம் ஆரம்பித்தது. மறு மாதம் பேச்சியம்மாள் என்று ஒருத்திக்குச் சீட்டு எழுதினார்கள். அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இங்கேயே சாவேன் என்றாள். கார் போயிற்று. அவள் பத்து நாளில் நடந்து வந்தாள். அர்ச்சுனன் என்கிற கிழவர் பிடித்துக்கொண்டார். அவருக்கும் கார் போயிற்று. அவர் பிழைக்கவில்லை, இருந்தாலும் ஜன்னலோரமாக உட்கார்ந்து ஜொகூர் பாருவரை காரில் போனார். நமூனாப் புத்தகத்தில் ஏழு தாள் கிழிந்தது. கிளப்புக்குப் போக வேண்டிய நேரத்தில் எல்லாம் கார் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. துரை, டிரசர், கிராணி மூவரும் கூடி ஆலோசித்தார்கள். தவறு கட்டில்களில்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். மறு வாரமே எட்டு இரும்புக் கட்டில்களையும் மாட்டு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, தரையில் பாய் போட்டார்கள். தரைக் காற்று நோயாளிகளுக்கு நல்லது என்று ரிஜிஸ்தரில் எழுதினார்கள்.

வெட்டின இடம் இன்னும் முழுசாக ஆறாததால், கட்டு மாற்ற ஐயாசாமி ஒரு நாள் ஆத்தாளை முதுகில் சுமந்து கொண்டுவந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் இறக்கினான். உள்ளே ராஜம்மா என்கிற இளம் பெண் பாயில் கிடந்தாள். பிரசவம் கண்டு ஜன்னி பிடித்திருந்தது. அவள் நெஞ்சின் மேல் புதுத் துண்டு இருந்தது. அவள் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து, பாயைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், வாசலில் இருந்த கருப்பாயியைப் பார்த்தான்.

"இப்ப என்ன பண்றதுங்க ஆத்தா? கட்டில எடுத்துட்டாங்களே."

கருப்பாயி ஆஸ்பத்திரியை மேலும் கீழும் பார்த்தாள். கூரையைத் தாங்கி நடுவில் நாலு மரத்தூண்கள் வரிசையாக நின்றன.

"தூணு இருக்குல்ல," என்றாள். "ஒம் பொஞ்சாதியக் கொண்டுபோய்க் கைக்கு எட்டுற மாதிரி அதுகிட்டப் படுக்க வை."